முதல் கோணல் முற்றும் கோணலா?

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தொடக்கத்தில் விழிப்பு வேண்டும் என்று எச்சரிக்கும் அளவில் அது நல்ல மொழியே. ஆயினும், அதனை நாம் பெரும்பாலும் வேறு பொருளில் கையாளுகின்றோம். ஒருவர் முதல் முயற்சியில் தவறிவிட்டால், அவர் அத்துறைக்கே தகுதியற்றவர் என்று தீர்ப்புக் கூற அப்பழமொழியைத் துணைக்கு அழைக்கின்றோம். வீட்டிலும் வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் இத்தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படுகின்றது. அதன் விளைவு என்ன? நம் இளைஞர்கள் தவற்றைத் திருத்தக் கற்பதைவிட, அதனை மறைக்கவே மிகுதியாகக் கற்றுக்கொள்கின்றார்கள்.

இந்நிலை மாற வேண்டுமானால் தவறு, அதன் காரணம், திருத்தம், மறுமுயற்சி ஆகிய நான்கும் எவ்வாறு ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதைக் கண்ணாரக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு நமக்குத் தேவை. அதனைப் பெரிய தத்துவ நூல்களில் தேட வேண்டியதில்லை. இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை உல்லன் நூலும் கொண்டு ஓய்வு நேரத்தில் செய்யப்படும் பின்னல் வேலையிலேயே அது தெளிவாகக் கிடைக்கின்றது என்பது நம் கருத்து. பொழுதுபோக்குத்தானே என்று இதனைப் புறந்தள்ளுவது பொருந்தாது. மதிப்பெண்ணும் ஊதியமும் இல்லாத இடத்தில்தான் மனிதர் எவ்வாறு கற்கின்றார் என்பது மறைப்பின்றி வெளிப்படும்.

பின்னலின் இயல்பு

நெசவு என்பது பாவு, ஊடை என்னும் இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து அமைவது. ஊசிப் பின்னலோ ஒரே நூலால் அமைவது. நூலை வளைத்தால் ஒரு கண்ணி. அக்கண்ணியின் ஊடே நூலை இழுத்தால் இன்னொரு கண்ணி. இவ்வாறு கண்ணிகள் வரிசையாகவும், வரிசைகள் அடுக்கடுக்காகவும் வளர்ந்து துணியாகின்றன. நேர்ப்புறமாக இழுக்கும் கண்ணியை ‘நிட்’ என்றும், மறுபுறமாக இழுக்கும் கண்ணியைப் ‘பர்ல்’ என்றும் கூறுவர். உண்மையில் இவ்விரண்டும் ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமுமே ஆகும். இந்த இரண்டை மாற்றியும் கூட்டியும் குறைத்தும் இடம் பெயர்த்தும் அமைப்பதே உலகிலுள்ள பின்னல் அணிகள் பெரும்பாலானவற்றின் அடிப்படை.

இக்கலை மிகப் பழையது. எகிப்தில் கிடைத்துள்ள வெள்ளையும் நீலமும் கலந்த பருத்திநூற் காலுறைகள் ஏறத்தாழ 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று ஆய்வாளர் கருதுவர். அவற்றுள் சிலவற்றில் அரபு எழுத்துருவை ஒத்த அணிகள் காணப்படுகின்றன. ஸ்பெயின் நாட்டில் 1275இல் மறைந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்டாவின் கல்லறையிலிருந்து பட்டுநூலால் பின்னப்பட்ட தலையணை உறை ஒன்று எடுக்கப்பட்டது. புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தைச் சார்ந்த அவ்வுறையின் ஓரத்தில் ‘பரக்கத்’ என நாம் வழங்கும் சொல் அரபு எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றது. கிறித்தவ அரச குடும்பத்தின் தலையணையை முஸ்லிம் கைவினைஞரின் விரல்கள் அணி செய்திருக்கின்றன. எழுத்தின் வளைவுகளைக் கண்ணி கண்ணியாக எண்ணிப் பின்னிய அவர்கள், அந்நுட்பத்தை ஒரே நாளில் பெற்றிருக்க இயலாது. முற்றுப்பெற்ற பொருள்களே அருங்காட்சியகத்தில் இடம்பெறுகின்றன. அவற்றிற்கு முன் பிரிக்கப்பட்ட வரிசைகள் எத்தனை என்பதற்குச் சான்று இராது.

பிழைகள் யாவும் ஒரே இனம் அல்ல

‘தவறுகளே நம் ஆசான்’ என்று மேடைதோறும் முழங்குவதைக் கேட்கின்றோம். இது பாதி உண்மையே. தவறு தானாக எவருக்கும் எதனையும் கற்பிப்பதில்லை. அதனைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பாடமாகின்றது. படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் வருத்தம் அல்லது, அதனினும் தீயதாக, ஒரு பழக்கம். பின்னல் வேலையில் நேரும் பிழைகளைச் சற்று வகைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் வகை, காரணம் அருகிலேயே உள்ள பிழை. 30 கண்ணிகளுடன் தொடங்கியவர் பத்து வரிசைக்குப்பின் எண்ணிப் பார்க்கையில் 36 இருக்கும். துணி தானாக அகன்றுகொண்டே போகும். தொடங்குவோர் இதனைக் கண்டு திகைப்பர். காரணமோ மிக எளியது. பர்ல் கண்ணிக்குப்பின் நிட் கண்ணி போடும்போது நூலை ஊசிகளின் இடையே பின்னுக்குக் கொண்டு செல்லாமல் ஊசியின் மேலாகச் சுற்றிவிட்டால், அச்சுற்று ஒரு கண்ணியாக நின்றுவிடும். வரிசையின் தொடக்கத்தில் நூலை மேலே இழுத்துப் பிடித்தாலும், முதற் கண்ணியின் இரு கால்களும் இரண்டு கண்ணிகள் போல் தோன்றும். இரண்டையும் பின்னிவிட்டால் ஒன்று கூடிவிடும். இக்காரணத்தை அறிந்தவர் மறுமுறை நூல் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டே ஊசியை நுழைப்பார். அறியாதவர், ‘எனக்கு இது வராது’ என்று ஊசியைக் கீழே வைப்பார். இருவருக்கும் நேர்ந்த பிழை ஒன்றே. கிடைத்த பயன்தான் வேறு.

இரண்டாம் வகை, பிழை போலத் தோன்றும் இயல்பு. நேர்ப்புறம் முழுவதும் நிட், மறுபுறம் முழுவதும் பர்ல் என்று பின்னினால், துணியின் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். எத்துணைத் திறமையாளர் பின்னினாலும் அது சுருளவே செய்யும். அது கையின் குற்றமன்று, அக்கண்ணியின் இயல்பு. அதனை அறிந்தவர் ஓரங்களில் வேறுவகைக் கண்ணிகளை அமைத்துத் துணியைச் சமன் செய்வர். அறியாதவர் தம்மையே நொந்துகொள்வர். நம் மாணவர்களுள் எத்தனை பேர், பாடத்திற்கே உரிய கடினத்தைத் தம் அறிவின் குறை என்று எண்ணி ஒதுங்குகின்றனர் என்பதை ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் நலம்.

மூன்றாம் வகை, பிழை என்றே தோன்றாத பிழை. இதுவே மூன்றனுள்ளும் கொடியது. ஊசியில் நூலைச் சுற்றும் திசை மாறிவிட்டால், அடுத்த வரிசையில் வழக்கம்போலப் பின்னும்போது கண்ணியின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும். துணி கிழியாது, கண்ணி எண்ணிக்கையும் மாறாது. நெகிழ்ச்சி மட்டும் குறைந்து, துணி சற்றே இறுகியிருக்கும். இவ்வாறு பல்லாண்டு பின்னியும் தம் கண்ணி முறுக்கியிருப்பதை அறியாதோர் உண்டு. அத்துணை ஆண்டுப் பழக்கமும் அவரைத் தேர்ந்தவராக்கவில்லை. தவற்றையே தேர்ந்த தவறாக்கியது. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது மெய்தான். எத்திசையில் நகர்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும் அன்றோ?

எண்ணிக்கை செய்யும் எச்சரிக்கை

கைத்தவறு அன்றித் திட்டத்தவறும் உண்டு. அதனைக் கணக்கினால் விளக்கலாம். நூற்குறிப்பு ஒன்று, 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு 22 கண்ணிகள் வரும்படி பின்னுக என்று கூறுகின்றது. மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் கொண்ட ஸ்வெட்டருக்கு 220 கண்ணிகள் வேண்டும். பின்னுபவரின் கை சற்றுத் தளர்வானது. அவருக்கு 10 சென்டிமீட்டரில் 20 கண்ணிகளே அமைகின்றன. வேறுபாடு இரண்டே கண்ணிகள். ஆனால், 220 கண்ணிகளும் சேர்ந்து 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு மாத உழைப்பின் முடிவில் ஆடை தோளில் தொங்கும். எந்த ஒரு கண்ணியிலும் பிழையில்லை. ஆடை முழுவதும் பிழை.

இதனைத் தவிர்க்கும் வழி, முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்ப்பது. அதனையும் ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்திய பின்பே அளத்தல் வேண்டும். கழுவியபின் அளவு மாறும் நூல்கள் பல. கண்ணி தளர்வாயின் 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் ஊசியை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒரு துண்டு பின்ன வேண்டும். ஒரு மாலைப் பொழுது இதற்குச் செலவாகும். அம்மாலையைச் செலவிட மனமில்லாதவர் ஒரு மாதத்தைச் செலவிடுகின்றார்.

பிரிப்பதும் வேலையே

தையற்காரர் துணியைத் தவறாக வெட்டிவிட்டால் அது வெட்டியதுதான். மரத்தை அறுத்தாலும் அவ்வாறே. பின்னலில் மட்டும் நூலை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து, மீண்டும் நூலாகவே கைக்கு வந்துவிடும். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதனைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து, தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவு பெரிதும் நீங்கும். மொஹேர் போன்ற பூம்பிசிர் மிகுந்த நூல்கள் எளிதில் பிரியா என்பதும், வெந்நீரில் அடித்து இறுகிப்போன கம்பளி பிரியவே பிரியாது என்பதும் விதிவிலக்குகள். முதல் கோணலை முற்றும் கோணலாக்காமல் காக்கும் வாய்ப்பை இக்கலை தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது.

எனினும், பிழை கண்டவுடன் அனைத்தையும் பிரித்தெறிவது அறிவுடைமை ஆகாது. கண்ணி ஒன்று ஊசியிலிருந்து நழுவினால் அதற்கு நேர்கீழே ஏணிப்படி போல் ஒரு பிளவு இறங்கும். குரோஷா ஊசியால் அக்கண்ணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நூலை இழுத்து மேலேற்றினால் அந்த ஒரு நெடுவரிசை மட்டும் சீராகும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கயிற்று முறுக்குப் போன்ற கேபிள் பின்னலில் முறுக்கு திசை மாறிவிட்டால், அதற்குரிய சில கண்ணிகளை மட்டும் அவ்வரிசை வரை இறக்கி, மாற்றி ஏற்றலாம். உள்மடிப்பில் மறைந்துபோகும் சிறு குறையை விட்டுவிடலாம். ஆடையின் அளவே தவறாயின் முழுவதும் பிரித்தல் வேண்டும். எதனைத் திருத்துவது, எதனைப் பொறுப்பது, எதனை முற்றிலும் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்னும் இம்மூவகைத் தெளிவே பின்னல் தரும் பெரும் பேறு. குடும்பத்திலும் நிறுவனத்திலும் பொறுப்பேற்கும் பெரியோர்க்கு இத்தெளிவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய நுட்பமும் பயிற்சியும்

தவறு நேரும் என்பதை ஒப்புக்கொண்டவர் அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவார். லேஸ் பின்னலில் துளைகளும் குறைப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், நழுவிய கண்ணியை மேலேற்றுவது அரிது. அதற்காகத் தேர்ந்தோர் ஒரு வழி கையாளுவர். பிழையற்றது என உறுதிசெய்த ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தின் ஊடேயும் வேறு நிறமுள்ள மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து விடுவர். மேலே எத்துணைக் குழப்பம் நேர்ந்தாலும் பிரிவு அந்நூலோடு நின்றுவிடும். அந்தக் காப்பு நூல் அச்சத்தின் அடையாளம் அன்று. துணிந்து மேலே செல்வதற்கான உரிமம்.

அடுத்து, புதிய நுட்பத்தை எங்கே பழகுவது என்னும் வினா. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் பல்வேறு அணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிய நீண்ட பட்டைகள் செய்யப்பட்டன. அவை உடுப்பதற்கல்ல, பழகுவதற்கும், பழகியதை நினைவிற்கொள்வதற்கும் உரியவை. ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளில், ஆடையைக் குழாய்போலச் சுற்றிப் பின்னி முடித்து, பின்னர் கை நுழையும் இடத்தையும் முன்புறத்தையும் கத்தரியால் வெட்டித் திறக்கும் முறை உண்டு. அவ்வூர்க் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் வெட்டிய கண்ணிகள் எளிதில் பிரிவதில்லை. இம்முறையைக் கேட்டவுடன் எவர்க்கும் நெஞ்சு நடுங்கும். அந்நடுக்கத்தைப் போக்கும் வழி, முதற் கத்தரிப்பை முழு ஆடையில் செய்யாமல் கையளவுத் துண்டில் செய்து பார்ப்பதே.

பின்னல் உலகில் பெரிதும் மதிக்கப்படும் எலிசபெத் சிம்மர்மன் அம்மையார் (1910–1999) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1971இல் வெளிவந்த அவரது ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்னும் நூலின் பெயரே, பின்னலில் கண்ணீருக்கு இடமில்லை என்பதை அறிவிக்கின்றது. அச்சிட்ட குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல், அளந்து, எண்ணி, தம் அறிவைக்கொண்டு முடிவு செய்யுமாறு அவர் வற்புறுத்தினார். பார்பரா வாக்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1972இல் வெளியிட்ட நூலொன்றில், ஆடையைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முறையை விரித்துரைத்தார். அவ்வாறு பின்னினால் இடையிடையே அணிந்து பார்க்கலாம். அளவுத் தவறு முடிவில் அன்றி நடுவிலேயே தெரிந்துவிடும். பிழையை விரைவில் காட்டும் முறையே சிறந்த முறை என்பது இதனால் பெறப்படும் பொதுவிதி.

உளவியலாரும் இதனையே வேறு வகையில் கூறுவர். ஆண்டர்ஸ் எரிக்சன் முதலியோர் பெர்லின் நகரத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வதற்கும், குறைபாட்டை இனங்கண்டு அதனைத் தீர்க்கும் நோக்குடன் பயில்வதற்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்திற்று. தெரிந்த அணியையே நூறு முறை பின்னுபவர் வேகம் பெறுவார். தெரியாத அணியைப் பத்து முறை பின்னிப் பிரிப்பவரே வளர்ச்சி பெறுவார்.

இரு தடைகளும் விடைகளும்

‘இஃது இயந்திர யுகம், திருப்பூரில் பனியன் துணியை இயந்திரங்கள் நொடிப்பொழுதில் பின்னித் தள்ளும்போது கையால் பின்னிக் காலம் கழிப்பானேன்?’ என்று சிலர் வினவுவர். பின்னல் இயந்திரம் நேற்று வந்ததன்று. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589லேயே அதனை அமைத்துவிட்டார். அதன்பின் 400 ஆண்டுகளுக்கு மேலாகியும் கைப்பின்னல் அழியவில்லை. மேலும், இயந்திரமும் பிழை செய்கின்றது. அதன் ஊசி ஒன்று உடைந்தால் துணியில் நீளவாக்கில் கோடு விழும். அக்கோட்டைக் கண்டு, உடைந்த ஊசி எது என்று அறிந்து நிறுத்தும் கண் மனிதனுடையது. பிழையைப் படிக்கும் கலைக்கு எந்த யுகத்திலும் வேலை உண்டு.

‘இது பெண்களின் பொழுதுபோக்கு’ என்பது இரண்டாவது தடை. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள டாக்கீலே தீவில் ஊசி பிடித்துத் தொப்பி பின்னுவோர் ஆடவரே. அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது. கைக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லை. பொறுமை எவர்க்கும் பொது.

கல்விக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் கூறியது எல்லோரும் ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்பதற்காக அன்று. நம் கல்விமுறையில் காப்பு நூல் எங்கே, மாதிரித் துண்டு எங்கே, பிரித்துப் பின்னும் வாய்ப்பு எங்கே என்று கேட்பதற்காகவே. பள்ளியில் கைவேலை வகுப்பு என்று ஒன்று உண்டு. அதற்குரிய பொருளைத் தாயாரோ தமக்கையோ செய்து கொடுக்க, அல்லது கடையில் வாங்கி ஒப்படைக்க, பிள்ளை மதிப்பெண் பெறும் வழக்கத்தை நாம் அறிவோம். கோணலான துண்டைத் தானே பின்னிய பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண்; கோணலற்ற பொருளை வாங்கிவந்த பிள்ளைக்கு நிறைந்த மதிப்பெண். இதைவிடத் தெளிவாகப் பொய்மையைக் கற்பிக்க இயலுமா? கல்லூரியிலும் ஆய்வகக் குறிப்பேட்டில் வந்த விடையை எழுதாமல், வர வேண்டிய விடையை முன்னோர் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதும் பழக்கம் அதன் தொடர்ச்சியே.

ஆகவே நாம் முன்வைப்பது மூன்று. ஒன்று, மாணவர் எழுதும் கட்டுரையின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் ஒருங்கே பெற்று, திருத்தத்திற்கும் மதிப்பளித்தல் வேண்டும். இரண்டு, தேர்வுத்தாளில் சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியர், பிழையின் காரணத்தையும் ஒரு சொல்லில் குறித்தல் வேண்டும். காரணம் கூறாத கோடு, நழுவிய கண்ணியைக் காட்டிவிட்டுக் குரோஷா ஊசியைத் தர மறுப்பதை ஒக்கும். மூன்று, மதிப்பெண் இல்லாத ஒரு கைக்கலையேனும் ஒவ்வொரு மாணவரும் பழகக் கல்லூரி இடமும் நேரமும் ஒதுக்குதல் வேண்டும். அது பின்னலாகவோ எழுத்தணியாகவோ தச்சாகவோ இருக்கலாம். தவறினால் எவரும் நகையாத ஓரிடம் இளமையில் அனைவர்க்கும் தேவை.

பெற்றோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் கூறுவதும் அதுவே. பிள்ளை தன் பிழையைத் தானே கொண்டுவந்து காட்டும் வீடு நல்ல வீடு. அவ்வாறு காட்டும்போது முகம் சுளித்தால், மறுமுறை அவன் காட்டமாட்டான். நழுவிய கண்ணியை அன்றே பிடித்தால் ஓர் ஊசி போதும். மறைத்து வைத்தால் ஏணி அடிவரை இறங்கும்.

முதல் கோணல் முற்றும் கோணல் ஆவது, அக்கோணலின் மேலேயே தொடர்ந்து பின்னிச் செல்பவர்க்கு மட்டுமே. நின்று பார்த்து, காரணம் கண்டு, வேண்டிய அளவு பிரித்து, மீண்டும் பின்னுபவர்க்கு முதல் கோணல் முதற் பாடமாகும். அப்பாடத்தை அச்சமின்றிக் கற்கும் தலைமுறை ஒன்று நம் கல்விக்கூடங்களிலிருந்து வெளிவருமாக!